பழைய கார்: எவ்வளவு தாழ்த்தினால் அழகு, எவ்வளவு தாழ்த்தினால் நட்டம்?

பழைய கார்களை வாங்கித் திருத்தி விற்பது இன்று பொழுதுபோக்கு மட்டுமல்ல, ஒரு வியாபாரமும் கூட. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறக்கும் வரையிலான ஐந்து வருடங்களில், கொட்டிலில் தூசு பிடித்துக் கிடந்த வண்டிகளுக்கும் விலை பேசப்பட்டது. அவற்றை எடுத்த இளைஞர்கள் பலர் முதலில் கேட்பது இயந்திரத்தைப் பற்றியல்ல. "கொஞ்சம் கீழே இறக்கித் தர முடியுமா?" என்பதுதான் கேள்வி.

இறக்குவது சுலபம். கிரைண்டர் ஒன்றும் அரை நாளும் போதும். ஆனால் எவ்வளவு இறக்குவது, முன்பக்கமா பின்பக்கமா, எந்த முறையில் என்பதை முன்கூட்டியே தீர்மானிக்காமல் கை வைத்தால், வாங்கிய விலையில் பாதிக்கும் ஆள் கிடைக்காத வண்டி ஒன்று முற்றத்தில் நிற்கும். கராஜ் வைத்திருப்போரும், உதிரிப்பாகம் விற்போரும், பழைய கார் வாங்கி விற்போரும் இந்த விடயத்தின் உள்விபரத்தை அறிந்திருப்பது நல்லது.

இதன் தாயகம் அமெரிக்கா, குறிப்பாகக் கலிபோர்னியா மாநிலம். 1930களிலும் 40களிலும் அங்குள்ள இளைஞர்கள் பழைய போர்ட், செவ்ரொலே, மேர்க்குரி கார்களை மலிவாக வாங்கித் தங்கள் விருப்பப்படி மாற்றினார்கள். கார் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கின்றது என்பது ஒன்று. முன்னும் பின்னும் எப்படிச் சாய்ந்து நிற்கின்றது, சக்கரம் மட்கார்டுக்குள் எவ்விடத்தில் அமர்ந்திருக்கின்றது என்பவை இன்னொன்று. இந்த இரண்டாவதை அவர்கள் 'ஸ்டான்ஸ்' என்கிறார்கள். நாம் தோரணை எனலாம். மனிதன் நிற்கும் விதத்தை வைத்து ஆளை எடை போடுவது போல, அவர்கள் காரை எடை போடுகிறார்கள்.

தோரணையிலும் ஒரே வழக்கம் இல்லை. ஓட்டப்பந்தயப் பக்கம் சாய்ந்த 'ஹொட் ரொட்' காரர்கள் முன்பக்கத்தைத் தாழ்த்திப் பின்பக்கத்தை உயர்த்தினார்கள். முன்னுக்குச் சிறிய டயர், பின்னுக்குப் பெரிய டயர். பாயப் போகின்ற மிருகம் போல வண்டி நிற்கும். அழகுக்காகக் கார் மாற்றிய 'கஸ்டம்' காரர்களில் பலர் இதற்கு நேர்மாறாகப் பின்பக்கத்தைத் தரையோடு இழைய விட்டார்கள். மெக்சிக்கோ வம்சாவளி இளைஞர்களிடம் வளர்ந்த 'லோரைடர்' வழக்கத்தில் முன்னும் பின்னும் சேர்ந்தே தாழ்ந்து, வேகத்துக்கல்ல, மெதுவாக ஊர்ந்து போய்க் காட்டுவதற்காக ஓடும். ஆகவே வாடிக்கையாளர் "இறக்கித் தாருங்கள்" என்றால், எந்த வழக்கத்தின்படி என்று கேட்பது முதல் வேலை. ஹொட் ரொட்டுக்குரிய தோரணையை 1950ஆம் ஆண்டின் பெரிய செடான் ஒன்றுக்குக் கொடுத்தால், விபரம் தெரிந்தவன் சிரித்து விட்டுப் போவான்; வாங்க மாட்டான்.

இதில் பணம் இருக்கின்றதா என்று கேட்போருக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். 1952இல் பொப் ஹிரோஹட்டா என்பவர் தமது 1951 மேர்க்குரி காரை லொஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் ஜோர்ஜ் பாரிஸ், சாம் பாரிஸ் சகோதரர்கள் நடத்திய பட்டறையில் கொடுத்து, கூரையை வெட்டித் தாழ்த்தி, உடலை மாற்றி, தரையோடு நிற்கும்படி செய்வித்தார். 'ஹிரோஹட்டா மேர்க்' என்று அந்தக் கார் பெயர் பெற்றது. பின்னர் மோகம் குறைந்து, 1959இல் ஜிம் மெக்னீல் என்ற இளைஞர் அதனை 500 டொலருக்கு வாங்கினார். பல பத்து வருடங்கள் தம்மிடமே வைத்திருந்தார். 2022 ஜனவரியில் புளோரிடாவில் நடந்த ஏலத்தில் அந்தக் கார் ஏறக்குறைய 20 இலட்சம் டொலருக்குப் போனது. வெட்டி மாற்றிய வண்டிதான். ஆனால் யார் வெட்டினார், எப்போது, எப்படி என்பதெல்லாம் பத்திரிகைப் படங்களோடும் பதிவுகளோடும் இருந்தது. வேலையும் முதல் தரம். யார் செய்தார் என்றே தெரியாத வெட்டுக் காருக்கு இந்த மரியாதை கிடைக்காது. அசல் கார் தேடுபவனும் அதை வாங்க மாட்டான், கஸ்டம் கார் தேடுபவனும் வாங்க மாட்டான்.

இனி வேலைக்கு வருவோம். அனுபவமுள்ள பட்டறைக்காரர் ஸ்பிரிங்கில் கை வைப்பதற்கு முன் ரிம்மையும் டயரையும் தீர்மானிப்பார். காரணம், டயர் மாற்றினாலே உயரம் மாறிவிடும். ஓர் உதாரணம்: 205/75/15 அளவு டயரின் மொத்த விட்டம் சுமார் 688 மில்லிமீற்றர். 195/65/15 அளவுக்கு அது சுமார் 634. வித்தியாசம் 54. கார் தாழ்வது அதில் பாதி, அதாவது 27 மில்லிமீற்றர். ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் கூட. ஒரு போல்ட்டையும் கழற்றாமல் ஓர் அங்குலம் இறங்கிவிட்டது. ஆனால் இதில் இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும். டயர் சிறுத்ததால் மட்கார்டுக்கும் டயருக்கும் இடையிலான வெளி குறையாது, கூடும். எனவே கண்ணுக்குக் கார் உயர்ந்தது போலவே தோன்றலாம். ஸ்பீடோ மீற்றரும் உண்மையை விட சுமார் 8 வீதம் கூட்டிக் காட்டும். தோரணை என்பது தரைக்கும் உடலுக்கும் உள்ள தூரத்தில் மட்டும் இல்லை, டயருக்கும் மட்கார்டுக்கும் உள்ள இடைவெளியிலும் இருக்கின்றது என்பது இங்கேதான் விளங்கும். இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

அளக்கும் முறையிலும் தவறு நடப்பதுண்டு. பலர் நிலத்திலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை அளக்கிறார்கள். ஐம்பது, அறுபது வருடக் காரின் மட்கார்ட் எத்தனை தடவை டிங்கரிங் பார்க்கப்பட்டதோ, யாருக்குத் தெரியும்? இடதும் வலதும் ஒரே அளவில் இருக்குமென்று நம்ப முடியாது. அக்சலுக்கும் செசிக்கும் இடையிலான தூரத்தை அளப்பதே சரி. அத்துடன் கதவுக்குக் கீழே உள்ள சில் பகுதியிலிருந்து நிலம் வரையிலும் முன்னும் பின்னுமாக இரண்டு இடங்களில் அளவு எடுத்துக்கொள்ள வேண்டும். சமதரையில், டயர்களுக்குச் சரியான காற்றோடு, டாங்கியில் எரிபொருள் எவ்வளவு என்று குறித்துக்கொண்டு அளக்க வேண்டும். ஜெக்கிலிருந்து இறக்கியவுடன் அளந்தால் அளவு பிழைக்கும். டயர் நிலத்தைப் பிடித்துக்கொண்டு ஸ்பிரிங்கை முழுதாக அமர விடாது. வண்டியை முன்னும் பின்னும் தள்ளி, நான்கு மூலையிலும் அழுத்தி விட்டுத்தான் அளவு நாடாவை எடுக்க வேண்டும்.

ஒன்றையும் வெட்டாமல் தோரணையைப் பார்ப்பதற்கு ஒரு மலிவான வழி உண்டு. லோரைடர் இளைஞர்கள் ஆரம்ப காலத்தில் டிக்கிக்குள் மணல் மூட்டை போட்டே காரைத் தாழ்த்தினார்கள். அதையே பரீட்சையாகச் செய்யலாம். மூட்டைகளை ஏற்றி, வேண்டிய உயரத்துக்கு வந்ததும் ஐம்பது அடி தள்ளி நின்று பக்கவாட்டில் படம் எடுத்து வாடிக்கையாளருக்குக் காட்டுங்கள். மூன்று அங்குலம் என்று பிடிவாதமாக வந்தவர் படத்தைப் பார்த்ததும் இரண்டு போதும் என்று சொல்லக் கூடும். அவர் ஒப்புக்கொண்ட அளவைக் கடதாசியில் எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு நடக்கும் வாக்குவாதங்கள் பெரும்பாலும் இந்த ஒரு கடதாசி இல்லாததால் வருபவைதான்.

அடுத்தது முன்பக்கம். 1949இல் வெளிவந்த மேர்க்குரியிலிருந்து அந்தக் கார்களுக்கு முன்னால் கொயில் ஸ்பிரிங், பின்னால் நீளவாக்கில் லீப் ஸ்பிரிங் என்ற அமைப்பு வந்தது. அந்தக் காலத்துப் பல அமெரிக்கக் கார்களும் இப்படித்தான். கொயிலை வெட்டுவதுதான் மலிவான வழி. பிழைக்கக்கூடிய வழியும் அதுதான். காஸ் சுவாலையால் வெட்டினால் ஸ்பிரிங் இரும்பின் பதம் கெட்டுவிடும்; பின்னர் அது சோர்ந்து அமரலாம், உடையவும் கூடும். வெட்டுவதானால் வெட்டும் தட்டால், சூடேறாமல் வெட்ட வேண்டும். வெட்டிய ஸ்பிரிங் முன்பை விட விறைப்பாகிவிடும் என்பதையும் பலர் யோசிப்பதில்லை. எட்டுச் சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றை எடுத்தால் மீதி ஏழு. விறைப்பு ஏறக்குறைய 14 வீதம் கூடும். இன்னொன்று, ஸ்பிரிங் அமர்ந்திருப்பது சக்கரத்தின் அருகில் அல்ல, கீழ் ஆர்ம் நடுவில். அது நடுப்பகுதியில் இருந்தால், ஸ்பிரிங் ஓர் அங்குலம் குறையும்போது சக்கரத்தின் பக்கம் சுமார் இரண்டு அங்குலம் தாழும். "ஒரு சுற்றுத்தானே" என்று வெட்டியவர்களின் வண்டி மண்ணைத் தொட்டு நிற்பது இதனால்தான். அரைச் சுற்று வெட்டு, பூட்டு, தள்ளு, அள. பிறகு தேவையானால் இன்னும் அரைச் சுற்று. வெட்டியதை ஒட்ட முடியாது.

இதைவிட நல்ல வழி, சக்கரத்தைத் தாங்கும் ஸ்டப் அக்சலை மாற்றுவது. சக்கரத்தின் மையம் வழமையை விட உயரமாக இருக்கும்படி வார்க்கப்பட்ட ஸ்டப் அக்சல்கள் அமெரிக்காவில் பல மொடல்களுக்கு விற்கப்படுகின்றன. இரண்டு அங்குலம் தாழ்த்துபவை சாதாரணம். இதில் ஸ்பிரிங்கும் ஆர்ம்களும் பழைய இடத்திலேயே இருப்பதால் ஓட்டம் கெடாது. செலவு கூட. ஆனால் அசல் பாகத்தைக் கழற்றிப் பெட்டியில் வைத்து, வேண்டியபோது திருப்பிப் பூட்டலாம். விற்கும் நாளில் அந்தப் பெட்டிக்கு ஒரு விலை உண்டு.

பின்பக்கத்தில் லீப் ஸ்பிரிங் உள்ள கார்களுக்கு, ஸ்பிரிங்குக்கும் அக்சலுக்கும் இடையில் இரும்பு அல்லது அலுமினியக் கட்டை ஒன்றை வைத்து, நீளமான யூ போல்ட் போட்டு இறுக்குவது வழக்கம். இங்கே ஒரு பொறி இருக்கின்றது. அக்சல் ஸ்பிரிங்குக்கு மேலே அமர்ந்திருக்கும் காரில்தான் கட்டை வைத்தால் வண்டி இறங்கும். அக்சல் ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் லொறி, ஜீப் வகைகளில் அதே கட்டையை வைத்தால் வண்டி உயரும். கீழே குனிந்து பார்க்காமல் கட்டை வாங்கிக் கொண்டு வருபவர்களும் உண்டு. கட்டைக்கு மேல் கட்டை அடுக்கக் கூடாது. மரக்கட்டை அறவே கூடாது. கட்டையின் உயரம் கூடக் கூட, வேகமெடுக்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் அக்சல் முறுக்கிக்கொள்ளும் விசையும் கூடும். ஸ்பிரிங்கின் வளைவைக் குறைத்து அடித்து எடுப்பது இன்னொரு வழி. அதற்குக் கை தேர்ந்த ஸ்பிரிங் பட்டறை வேண்டும். ஒன்றிரண்டு தகடுகளைக் கழற்றிவிடுவோரும் உண்டு. அது தாழ்த்துவதல்ல, பலவீனப்படுத்துவது. பின் சீட்டில் மூன்று பேர் ஏறிய அன்று தெரியும்.

இரண்டு அங்குலத்துக்கு மேல் போனால் வேலை சங்கிலி போல் தொடரும். அக்சல் செசியில் இடிக்கும். செசியை அரை வட்டமாக வெட்டி, உட்புறம் தகடு வைத்துப் பலப்படுத்த வேண்டி வரும். இதை 'சி நொட்ச்' என்கிறார்கள். பலப்படுத்தாமல் வெட்டினால் காரின் முதுகெலும்பை அறுத்தது போலாகும். புரொப்பலர் ஷாப்டின் கோணம் மாறி அதிர்வு வரலாம். டிபரென்ஷலின் முகத்தைச் சாய்த்துச் சரிசெய்ய வேண்டும். பழைய ஷொக் அப்சோபர் நீளம் கூடியதாகி அடியில் இடிக்கும். சைலன்சர் குழாய் தரையில் உரசும், பிரேக் ஹோஸ் டயரில் உரசும். முன் சக்கரங்கள் உள்ளுக்குச் சாய்ந்து டயரின் உள் விளிம்பு தேயும். பள்ளத்தில் விழும்போது ஸ்டியரிங் தானாகத் திரும்பப் பார்க்கும். ஹெட்லைட் வேறெங்கோ அடிக்கும். இவை ஒவ்வொன்றுக்கும் கூலியும் பாகமும் உண்டு. "இறக்க இவ்வளவு" என்று ஒரே தொகை சொல்லிவிட்டு வேலையில் இறங்கும் கராஜ்காரர், லாபத்தை இந்தச் சில்லறைச் செலவுகளிடம்தான் பறிகொடுக்கிறார். வீல் அலைன்மன்ட் முதல் லைட் திருத்துவது வரை மதிப்பீட்டில் தனித்தனி வரியாக எழுதுவதே வியாபாரத்துக்கு அழகு.

கடைசி எல்லை எது? கலிபோர்னியச் சட்டமே இதற்கு ஓர் அளவுகோலைத் தந்தது. 1958 முதல் அமுலில் இருந்த விதியின்படி, மாற்றப்பட்ட காரின் எந்தப் பாகமும் ரிம்மின் அடிவிளிம்பை விடக் கீழே இருக்கக் கூடாது. காரணம் எளிது. டயர் வெடித்தால் வண்டி ரிம்மில் நிற்கும். அப்போது செசியோ ஸ்டியரிங் கம்பியோ வீதியில் குத்தினால் சாரதியின் கட்டுப்பாடு போய்விடும். இந்தச் சட்டத்தைத் தாண்ட, ரொன் அகிரே என்பவர் 1959இல் விமானங்களில் பாவித்த ஹைட்ரோலிக் பம்புகளையும் வால்வுகளையும் தமது கொர்வெட் காரில் பூட்டி, சுவிட்சைத் தட்டினால் வண்டி ஏறவும் இறங்கவும் செய்தார். பொலிஸார் தெரிந்தால் மேலே, போனதும் கீழே. லோரைடர்களின் புகழ்பெற்ற ஹைட்ரோலிக் கலை அங்கிருந்து பெருகியது. அந்தத் தடையை நீக்கும் சட்டம் 2023இல் நிறைவேறி, 2024 ஜனவரி முதல் அமுலுக்கு வந்தது. சட்டம் போனாலும் காரணம் போகவில்லை. ஒரு பக்க ரிம்மின் அடியிலிருந்து மறுபக்க டயரின் அடிக்கு நூல் பிடித்துப் பாருங்கள். அந்த நூலைத் தொடும் பாகம் எதுவும் இருக்கக் கூடாது. நல்ல பட்டறைகள் இன்றும் இதைப் பார்த்துத்தான் வண்டியை வெளியே விடுகின்றன.

இப்போது ஹைட்ரோலிக்கை விடக் காற்றுப் பை முறை பரவலாகியிருக்கின்றது. ஸ்பிரிங்குக்குப் பதிலாக றப்பர் பை, ஒரு கொம்பிரசர், காற்றுத் தாங்கி, வால்வுகள். நிறுத்தும்போது தரையோடு, ஓடும்போது முறையான உயரத்தில். நிற்கும் தோரணையையும் ஓடும் தோரணையையும் பிரித்துவிட்டதுதான் இதன் சாமர்த்தியம். பை எங்காவது உரசினால் வெடிக்கும், குழாய் கசிந்தால் காலையில் வண்டி படுத்துக் கிடக்கும். எந்த உயரத்தில் ஓடப்போகிறதோ அந்த உயரத்தில் வைத்துத்தான் அலைன்மன்ட் செய்ய வேண்டும்.

நமது நாட்டில் இவ்வகை அமெரிக்கக் கார்கள் அரிது. இங்கே கண்ணில் படுவது மொரிஸ் மைனர். அதன் முன்பக்கத்தில் கொயிலும் இல்லை, லீப்பும் இல்லை. முறுக்குக் கம்பிதான் ஸ்பிரிங். அந்தக் கம்பியைக் கழற்றி, பல் மாற்றிப் பூட்டியே உயரத்தைக் கூட்டிக் குறைக்கலாம், வெட்ட வேண்டிய அவசியமே இல்லை. பல வருடம் ஓடிச் சோர்ந்த மைனரில் ஒரு பக்கம் சாய்ந்திருப்பதையும் இதே வழியில் சரிசெய்யலாம். பின்னால் லீப், அக்சல் அதன் மேல்; கட்டை வைத்தால் இறங்கும். மைனருக்கு வேண்டிய உடற்பாகங்கள் இலங்கையில் செய்யப்பட்டு இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானதை அறிந்தவர்கள், இதற்கு வெளிநாட்டில் உள்ள கிராக்கியையும் அறிவார்கள். அங்கே வாங்குபவர் முதலில் கேட்பது அசல் பாகங்கள் எங்கே என்று. பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் விற்பவருக்கு இதைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. காரைப் புதிதாக வாங்கிய இளைஞருக்குத்தான் சொல்ல வேண்டும்: கழற்றியதை இரும்புக் கடைக்குப் போடாதே என்று.

வீதியில் ஓட்டுவதற்கு முன் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரித்துக்கொள்வதும் அவசியம். 2025 ஜனவரியில் அனுமதியற்ற உபகரணங்கள் பூட்டிய வாகனங்கள் மீது பொலிஸார் எடுத்த நடவடிக்கையில் எத்தனை பேர் வீதியோரத்தில் நின்று கழற்ற வேண்டி வந்தது என்பது நினைவிருக்கும்.

ஒப்படைத்த பிறகும் வேலை முடியவில்லை. புதிய ஸ்பிரிங்கும் திருத்திய லீப்பும் ஓடத் தொடங்கிய முதல் சில வாரங்களில் இன்னும் சற்று அமரும். சிலவேளை கால் அங்குலம், சிலவேளை அரை. யூ போல்ட்டுகளும் தளரும். வாடிக்கையாளரைச் சில நூறு மைல் ஓடிவிட்டு ஒருமுறை திரும்ப வரச் சொல்லி, போல்ட்டுகளை இறுக்கி, அதே இடங்களில் மீண்டும் அளந்து, பழைய கடதாசியில் புதிய அளவையும் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். இந்த இரண்டாவது வருகைக்குக் கூலி உண்டா இல்லையா என்பதை முதல் பில்லிலேயே குறிப்பிட்டுவிடுங்கள்.